விழிப்புக் கெடு

மாசிலாமணியின் கல்லீரல் வியாழக்கிழமை காலை அச்சாகி முடிந்தது. இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு, பார்வைக்குக் குறையொன்றும் இல்லாமல் இருந்தது. வெதுவெதுப்பான திரவம் ஓடும் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை இறக்கி வைத்துவிட்டு, அது விழிப்பதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அது விழிக்கவில்லை.

கோவை அவினாசி சாலையில் இருந்த அந்த ஆய்வகத்துக்கு உயிரகம் என்று பெயர். ஒட்டினாற்போல ஒரு மருத்துவமனையும் இருந்தது. நோயாளியின் செல்களிலிருந்தே உறுப்பைச் செய்து, நடைபாதையைக் கடந்து கொண்டுபோய், அறுவை அறையில் கொடுத்துவிடுவார்கள். அச்சிடும் பிரிவுக்குத் தமயந்தி தலைவி. ஐம்பத்திரண்டு வயது. மருத்துவம் படித்தவள், பிறகு நோயாளிகளை விட்டுவிட்டு செல்களோடு தங்கிவிட்டாள். ஆனாலும் அச்சிடுவதற்கு முன்பு நோயாளியிடமும் வீட்டாரிடமும் ஒருமுறை நேரில் பேசுவது அவளுடைய பழக்கம்.

மாசிலாமணியிடமும் பேசியிருந்தாள். அவர் பொள்ளாச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். காமாலைக் கிருமி பல வருடம் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஈரலைத் தின்று தீர்த்திருந்தது. குடிப்பழக்கம் கிடையாது. அதை யாரும் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

"கம்ப்யூட்டர்ல பேப்பர் அடிக்கிற மாதிரிதானுங்களா டாக்டர்?" என்று அன்று கேட்டார்.

"கிட்டத்தட்ட. மைக்குப் பதிலா உங்க செல்லு. உங்க கைத்தோல்ல எடுத்த துணுக்கை ஈரல் செல்லா மாத்தி வளர்த்துட்டோம். இனி அதைக் கூழ்ல கலந்து, ஊசி முனை வழியா அடுக்கடுக்கா பிழியணும்."

"முறுக்கு பிழியறாப்ல," என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி அம்சவேணி.

"அதேதான். ஆனா மாவுக்கு உயிர் கிடையாது, இதுக்கு உண்டு. மெதுவா பிழிஞ்சா, மேல் அடுக்கு வர்றதுக்குள்ள அடி அடுக்கு மூச்சு முட்டிச் செத்துடும். வேகமா பிழிஞ்சா, ஊசி முனையில அழுத்தம் தாங்காம செல்லு கிழிஞ்சுடும்."

"அப்புறம் என்னதான் பண்ணுவீங்க?"

"தூங்க வெச்சுடுவோம். கோடையில குளம் வத்தினா விரால் மீன் சேத்துக்குள்ள போய்ப் படுத்துக்கும் பாருங்க, மூச்சையும் பசியையும் குறைச்சுக்கிட்டு? அந்த மாதிரி ஒரு மருந்து கொடுத்து செல்லை உறங்க வைக்கிறோம். உறங்கற செல்லுக்கு காத்து அதிகம் வேண்டாம். அதோட மேல்சவ்வும் இறுகிக்கும், வேகமா பிழிஞ்சாலும் கிழியாது. முன்னாடி மூணு நாள் ஆன வேலை, இப்ப ஒரே ராத்திரியில முடியுது."

மாசிலாமணி சிரித்தார். கண்ணும் முகமும் மஞ்சளாக இருந்தன. "தூங்கற பசங்களை வெச்சே டிரில் எடுத்துடறீங்க! எனக்கு முழிச்சிருக்கறவனுகளே வரிசையில நிக்க மாட்டேங்கறானுக."

அம்சவேணி சிரிக்கவில்லை. "எழுப்பறப்ப எந்திரிக்காட்டி?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் எழுந்துடும்," என்றாள் தமயந்தி. அது பொய்யில்லை. ஐந்தில் நான்கு எழுந்துவிடும்.

செல்கள் எழுந்ததற்கு அடையாளம் ஒன்றுதான்: மூச்சு வாங்கத் தொடங்கும். பெட்டிக்குள் போகும் திரவத்தில் உள்ள ஆக்சிஜன், வெளியே வரும்போது குறைந்திருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் குறையாவிட்டால் அந்த உறுப்பு இறந்ததாகக் கணக்கு. இதை ஆய்வகத்தில் விழிப்புக் கெடு என்பார்கள்.

அந்த வியாழக்கிழமை கெடு கடந்தது. தமயந்தி தன் பொறுப்பில் இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தாள். போன ஆக்சிஜன் அப்படியே திரும்பி வந்தது. அறுவை மருத்துவர் போனில் கேட்டார்.

"என்ன சொல்றீங்க? ஆளை மேஜையில படுக்க வெச்சிருக்கேன்."

"வேண்டாம்," என்றாள் தமயந்தி.

"சரி. செத்ததை வெச்சுத் தைக்க முடியாது. வார்டுக்கு அனுப்பிடறேன்."

செல்களை மறுபடி வளர்க்க ஒரு மாதமாவது ஆகும். மாசிலாமணிக்கு அவ்வளவு நாள் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தமயந்தி போய்ச் சொன்னபோது, அவர்தான் ஆறுதல் சொன்னார். "பரவாயில்லீங்க டாக்டர். ரெண்டாவது ரவுண்டுல பாத்துக்கலாம்." மறு புதன்கிழமை அவர் இறந்தார்.

கழிக்கப்பட்ட உறுப்புகளை எரித்துவிடுவது வழக்கம். இந்த ஒன்று மட்டும் எரியாமல் தப்பியதற்குக் காரணம், திரவத்தை ஓட்டும் ஒரு பம்ப். தமயந்திக்குக் கீழே வேலை பார்த்த பொறியாளர் நவாஸ், புதிதாக வந்த பம்ப் ஒரு வாரம் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வெறும் குழாயில் ஓட்டிப் பயனில்லை. நடுவில் ஏதாவது ஓர் உறுப்பு இருந்தால்தான் உண்மை தெரியும். கழித்த ஈரல்தானே என்று அதை எடுத்து ஒரு பழைய கண்ணாடித் தொட்டியில் மாட்டி, பின்னறையில் ஓடவிட்டிருந்தான்.

மாசிலாமணி இறந்த மறுநாள் பம்பை நிறுத்தப் போனவன், ஈரலிலிருந்து வெளியே வரும் மெல்லிய குழாயில் மஞ்சளும் பச்சையுமாக ஓர் இழையைப் பார்த்தான். அழுகிவிட்டது என்று நினைத்து முகர்ந்து பார்த்தான். நாற்றமில்லை. பிறகு தமயந்தியைக் கூப்பிட்டான்.

"மேடம், கொஞ்சம் வாங்க."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். நிமிராமலே இருந்தாள்.

"பித்தம்," என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நினைச்சதும் பயமாயிடுச்சு."

செத்த ஈரல் பித்தம் சுரக்காது. அந்த இரண்டு பேருக்கும் அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"எப்ப இருந்து?"

"பம்பு தானா ஆக்சிஜனை அளந்துக்கிட்டேதான் இருந்திருக்கு மேடம். நான்தான் அந்தப் பக்கம் பாக்கலை. ஞாயித்துக்கிழமை காலைல இருந்து குறைய ஆரம்பிச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி உயிரோடு இருந்தார்.

தமயந்தி அறுவை மருத்துவரைப் போனில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அவரை மேஜையில் ஏற்றியிருக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள். "ஞாயிறா? தாராளமா. திங்கக்கிழமைகூடத் துணிஞ்சிருப்பேன். ஏன் கேக்கறீங்க?" என்றார் அவர். சும்மா கேட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் கெடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. தொடக்கத்தில் ஒரு முழு நாள் என்றுதான் பேச்சு இருந்தது. சோதனைக்குச் செல் கொடுத்தவர்கள் எல்லோரும் ஆரோக்கியமான இளவயதுக்காரர்கள். அவர்களுடைய செல்கள் நான்கு மணி நேரத்தில் எழுந்துவிட்டன. கண்ணாடிப் பெட்டிகளோ இரண்டே இரண்டு. வெளியே நோயாளிகள் வரிசையில் காத்துக் காத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அச்சிடுவதை வேகப்படுத்தியாகிவிட்டது, விழிப்பதற்கு மட்டும் ஏன் ஒரு நாள் என்று கூட்டத்தில் கேள்வி வந்தபோது, ஆறு மணி நேரம் போதும் என்று சொன்னவள் தமயந்திதான். அதனால் பெட்டி சீக்கிரம் காலியாயிற்று. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். ஒரு நாள் என்று வைத்திருந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு முறையே வந்திருக்காது. மாசிலாமணியைப் போல ஐம்பத்தாறு வயதில், வருடக்கணக்காக நோயில் கிடந்த ஓர் உடம்பின் செல் எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

நிர்வாக இயக்குநர் கிருபாகரன் வந்து பார்த்தார். கண்ணாடிக்கு மேல் குனிந்து, அந்த மஞ்சள் இழை சொட்டாகத் திரண்டு விழுவதை வெகுநேரம் ரசித்தார்.

"நல்ல செய்திதானே இது? ஏன் ரெண்டு பேரும் எழவு வீட்டு முகத்தோட நிக்கறீங்க? நம்ம முறை தோக்கலை. கொஞ்சம் கூடப் பொறுக்கணும், அவ்வளவுதான்."

"பொறுக்காததால ஒருத்தர் போயிட்டார் சார்," என்றான் நவாஸ்.

"அது தெரியுது. நான் உயிரோட இருக்கறவங்களைப் பத்திப் பேசறேன்." கிருபாகரன் தமயந்தி பக்கம் திரும்பினார். "ஐ.சி.யூ.ல ஈரோட்டுப் பொண்ணு ஒண்ணு கிடக்கு. சுகந்தி. இருபத்தாறு வயசு. பிரசவத்தோட ஈரல் நின்னுபோச்சு. செல் வளர்க்க நேரமில்லைன்னு நாமே கையை விரிச்சோம். ரத்த வகை இதோட பொருந்துது. உடம்பு அதை ஒதுக்கித் தள்ளாம இருக்க மாத்திரை போட்டுக்கிட்டா இந்த ஈரல் அவளுக்கு ஓடும். ஆனா சட்டப்படி இது மாசிலாமணியோட சொத்து, இப்ப அவர் மனைவியோடது. சம்மதம் வாங்கணும். நீங்க போனாதான் சரி."

"என்ன சொல்லிக் கேக்கறது?"

"மாஸ்டரோட செல்லுல செஞ்ச ஈரல் இருக்கு, ஒரு உயிரைக் காப்பாத்தும்னு சொல்லுங்க. பொய்யில்லையே. எப்ப முழிச்சுதுங்கறதையெல்லாம் சொல்லி அந்தம்மாவைக் குழப்பாதீங்க. கோவத்துல மாட்டேன்னுட்டா சாகப்போறது சுகந்தி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வழியெல்லாம் தமயந்தி அதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு போனாள்.

பொள்ளாச்சியில் அந்த வீட்டு முன்னால் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு சிறிய வெள்ளைக் கார் நின்றது. 'அம்சா டிரைவிங் ஸ்கூல் - பெண்களுக்குத் தனிப் பயிற்சி' என்று கதவில் எழுதியிருந்தது. அம்சவேணி வெளியே வந்தாள். அழுது முடித்த முகம்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே டாக்டர்."

"உங்ககிட்டத் தனியா பேசணும்."

"வீடு பூரா ஒறம்பரை சனங்க. வண்டிக்குள்ள உக்காந்துக்கலாம், வாங்க."

இருவரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். "பாத்துங்க, அந்தப் பக்கமும் பிரேக் இருக்கும். காலு இடிக்கும்," என்றாள் அம்சவேணி.

தமயந்தி தயாரித்து வந்ததைச் சொன்னாள். மாஸ்டரின் செல்லில் செய்த ஈரல் ஒன்று இருக்கிறது, வேலை செய்கிறது; ஈரோட்டுப் பெண் ஒருத்தி சாகக் கிடக்கிறாள், பிறந்து நான்கு நாளான குழந்தை; சம்மதித்தால் போதும். அம்சவேணி ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மொத்தம் எத்தனை ஈரல் செஞ்சீங்க?"

"ஒண்ணுதான்."

"அது செத்துப்போச்சுன்னல்ல சொன்னீங்க?"

தமயந்தியின் கால் தன்னையறியாமல் கீழே இருந்த பிரேக்கை அழுத்தியது. தயாரித்து வந்தது அத்தோடு முடிந்துவிட்டது.

"அப்படித்தான் நினைச்சோம். அது சாகலை. முழிக்க நேரம் எடுத்திருக்கு."

"எப்ப முழிச்சுது?"

"ஞாயித்துக்கிழமை காலைல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அம்சவேணி கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமை காலைல எங்கூடச் சண்டை போட்டாருங்க. தாடி வளந்து அரிக்குது, சவரம் பண்ண ஆளக் கூட்டியான்னு. நாளைக்குப் பாத்துக்கலாம், பேசாம படுங்கன்னேன்." பிறகு, "அன்னைக்கு வெச்சிருந்தா?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் பிழைச்சிருப்பார்."

"இன்னுங்கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு தோணலீங்களா உங்களுக்கு?"

"ஒரு மணி நேரம் கூடப் பொறுத்தேன். மூணு நாள் பொறுக்கலாம்னு தோணலை. அந்தப் பெட்டிக்கு அடுத்து ஒருத்தரோட கிட்னி காத்திருந்துச்சு."

"அந்தாளு பொழச்சாரா?"

"பிழைச்சுட்டார்."

அம்சவேணி தலையை ஆட்டினாள். அதில் கோபமா சமாதானமா என்று தமயந்திக்குப் பிடிபடவில்லை.

"இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லிட்டு வரச் சொன்னாங்களா?"

"இல்லை. சொல்லக் கூடாதுன்னாங்க."

அம்சவேணி வண்டிச் சாவியை எடுத்து வர உள்ளே போனாள். திரும்பி வரும்போது மாசிலாமணியின் அக்கா வாசலில் மறித்தாள்.

"காரியங்கூட முடியலை, எங்க கெளம்பிட்டே? ஊரு என்ன பேசும்?"

"மாஸ்டர்ல கொஞ்சம் மிச்சமிருக்குதாமா, அண்ணி. பாத்துப்போட்டு வந்தர்றேன்."

அண்ணி வாயைத் திறந்தபடி நின்றாள். அம்சவேணி வண்டியைப் பின்னால் எடுத்து, ஒரே திருப்பில் சாலைக்கு வந்தாள். தமயந்தியோடு நேராகக் கோவைக்கு ஓட்டினாள்.

பின்னறையில் நவாஸ் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தான். அவள் உட்காரவில்லை. கண்ணாடித் தொட்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தாள். திரவம் உள்ளே போவதும் வருவதுமாக இருந்ததால், ஈரல் லேசாக அசைவது போலிருந்தது.

"சூடா இருக்குமா?"

"உடம்புச் சூடுதாங்க," என்றான் நவாஸ். "கண்ணாடியைத் தொட்டுப் பாக்கலாம்."

அவள் உள்ளங்கையை வைத்தாள்.

"அவரு போயிட்டது இதுக்குத் தெரியாதில்லீங்க?"

"தெரியாது," என்றாள் தமயந்தி.

அவள் கையை எடுக்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். கிருபாகரன் சம்மதப் படிவத்தோடு உள்ளே வந்தார். அம்சவேணியின் முகத்தைப் பார்த்ததுமே, மறைக்க வேண்டியது எதுவும் மறைக்கப்படவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் நிதானமாகப் பேசத் தொடங்கினார். "அம்மா, நடந்தது வருத்தமான விஷயம். நிறுவனம் உங்களுக்கு என்ன செய்யணுமோ..."

"எங்க கையெழுத்துப் போடணுங்க?"

"இல்லைம்மா, உங்க தரப்புல நிபந்தனை ஏதாவது இருந்தா..."

"அங்க ஒரு புள்ளை பால் குடுக்க ஆளில்லாம கெடக்குது. அத வெச்சு நான் பேரம் பேசறதாங்க? பேனாவக் குடுங்க."

போட்டாள். படிவத்தை எடுத்துக்கொண்டு கிருபாகரன் வேகமாக வெளியேறினார். வாசல்வரை போன அம்சவேணி நின்று தமயந்தியிடம் கேட்டாள்.

"இது மாதிரி எந்திரிக்கலைன்னு எத்தனையக் கழிச்சீங்க?"

"இதைச் சேர்க்காம பதினொண்ணு."

"அதெல்லாம்?"

"எரிச்சுட்டோம்."

"அவங்க வீட்டுக்கெல்லாம் யாரு போய்ச் சொல்லப் போறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அம்சவேணி வெளியே போனாள்.

சுகந்தி பிழைத்தாள். அறுவை முடிந்த மூன்றாவது நாள் கண் விழித்து, குழந்தையைக் கேட்டாள். உயிரகத்தில் விழிப்புக் கெடுவை எடுத்துவிட்டார்கள். பத்து பம்புகளும் தொட்டிகளும் வாங்கினார்கள். நோயாளியின் உடம்பு தாங்கும்வரை உறுப்பையும் ஓடவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு ஈரல்கள் இரண்டாம் நாளில் எழுந்தன. ஒன்றுக்காக ஐந்து நாள் காத்திருந்தார்கள். அது எழவேயில்லை, அதை நம்பியிருந்தவரும் இறந்தார். எந்த ஈரல் உறங்குகிறது, எந்த ஈரல் செத்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியவில்லை.

தமயந்தி ஒருமுறை கிருபாகரனிடம் பதினொரு குடும்பங்களைப் பற்றிப் பேசினாள். அவர் கோபப்படவில்லை.

"அந்தப் பதினொண்ணும் முழிச்சிருக்கும்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"முழிச்சிருக்காதுன்னு?"

"அதுவும் முடியாது."

"அப்ப அந்த வீடுகள்ல போய் எதைச் சொல்லப் போறீங்க தமயந்தி? ஆறிப்போன புண்ணு. உங்க மனசு லேசாகறதுக்காக அதைக் கீறப் போறீங்களா?"

நாட்கள் போயின. நான்காம் மாதம், புதிய முறையைப் பத்திரிகைகளுக்கு அறிவிக்க நாள் குறித்தார்கள். 'கூடுதல் நேரம் காத்திருந்தால் இறந்ததாகக் கருதப்பட்ட உறுப்புகளும் உயிர்பெறும்' என்பது அறிவிப்பின் முதல் வரி. தமயந்தி அதைப் படித்துவிட்டு, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். பிறகு அம்சவேணிக்குப் போன் செய்தாள்.

"அந்த வீடுகளுக்குப் போறேன். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

"எதுல போறீங்க?"

"பஸ்லதான். எனக்கு ஓட்டத் தெரியாது."

"காலைல வண்டி எடுத்துட்டு வர்றனுங்க. நீங்க பேசறதுக்கு இருங்க. ஓட்டறது நான் ஓட்டிக்கறேன்."

முதல் வீடு தாராபுரத்தில். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயத்தின் வீடு. அவர் மகள் பெனிட்டா, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், ஒன்றரை வருடத்துக்கு முன்பு இறந்துபோனாள். அம்சவேணி வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். தமயந்தி மட்டும் இறங்கிப் போனாள்.

தேவசகாயம் அவளை அடையாளம் கண்டுகொண்டு, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"எங்க பெனிட்டாவோடது முழிச்சிருக்குமா?"

"தெரியாது சார்."

"தெரியாததச் சொல்றதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?"

"ஆமா. நாங்க இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கணும். பொறுக்கலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"கர்த்தர் குடுத்தார், கர்த்தர் எடுத்துக்கிட்டார்னு நினைச்சு, இப்பத்தான் கொஞ்ச நாளாப் படுத்தாத் தூக்கம் வருது," என்றார் அவர். குரல் உயரவில்லை. "இனிமே எப்படிம்மா தூங்கறது?"

அவர் எழுந்து கதவருகே போய் நின்றார். தமயந்தி வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது.

வண்டியில் ஏறி உட்கார்ந்து, அவர் சொன்னதை அப்படியே அம்சவேணியிடம் சொன்னாள். அம்சவேணி சாவியைத் திருகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பீர்லாங்களா டாக்டர்? எனக்குத் தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். நான் கேட்டதே தப்போ என்னமோ."

தமயந்தி வெளியே பார்த்தாள். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த எந்த வார்த்தையும் இப்போது உதவவில்லை. "எனக்கும் தெரியலை," என்றாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தேவசகாயம் செருப்புகூடப் போடாமல் வந்து, ஓட்டுநர் பக்க ஜன்னலில் குனிந்தார். கார் கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தார். பிறகு அம்சவேணியைப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? டிரைவரா?"

"அந்த முழிச்ச ஈரல் எங்க வீட்டுக்காரரோடதுங்க."

"அவரு...?"

"இல்லீங்க. அது முழிச்சது தெரியறதுக்குள்ள போயிட்டாரு. வேறொரு பொண்ணுக்கு வெச்சிருக்காங்க. ஈரோடு."

"எத்தனை வயசு?"

"இருவத்தாறு."

தேவசகாயம் வண்டியின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டார். வெயிலில் தகடு கொதித்திருக்க வேண்டும். அவர் கையை எடுக்கவில்லை.

"நல்லாருக்காளா?"

"இருக்காங்க. பொண்ணு கொழந்தைங்க. போன வாரம் குப்புற விழுந்துச்சுன்னு போட்டோ அனுப்பிச்சாங்க."

"காட்டுங்க."

அம்சவேணி போனை எடுத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தமயந்தியிடம் கேட்டார்.

"இன்னும் எத்தனை வீடு இருக்கு?"

"பத்து."

"பேப்பர்ல வரும்னீங்களே, எப்ப வருது?"

"அடுத்த வியாழக்கிழமை."

"டீக்கடையில பேப்பர் படிச்சு இதைத் தெரிஞ்சிருந்தா நான் அங்கயே விழுந்திருப்பேன்." தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "அடுத்து எந்த ஊரு?"

"கரூர்."

"அரவக்குறிச்சி ரோட்டுல பாலம் வேலை நடக்குது. மூலனூர் வழியாப் போங்க."

அவர் கூரையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல் உள்ளே போனார். இந்த முறை கதவு சாத்தப்படவில்லை.

அம்சவேணி வண்டியைக் கிளப்பினாள். தெருமுனையில் திரும்பும்போது கேட்டாள்.

"கரூர் வீட்டுல யார் இருக்காங்க?"

"இறந்தவரோட மனைவி. ரெண்டு பசங்க, ஸ்கூல் படிக்கறாங்க."

அம்சவேணி சாலையைப் பார்த்தபடி கியரை மாற்றினாள்.

"பசங்க ஸ்கூல் உட்டு வர்றதுக்கு முன்னாடி போயிறலாங்க," என்றாள்.